வாடிக்கையாளர், நுகர்வோர், கிராக்கி: ஒரு சொல்லாட்சித் திறனாய்வு

விலை கொடுத்துப் பொருள் கொள்பவரையும் பணி பெறுபவரையும் சுட்ட மராட்டிய மொழியில் 'கிராஹக்' என்னும் ஒரே சொல் கடைத்தெருவிலும் சட்ட ஏட்டிலும் வழங்குகின்றது. பிந்துமாதவ் ஜோஷி 1974ஆம் ஆண்டு புணே நகரில் தொடங்கிய இயக்கம் 'கிராஹக் பஞ்சாயத்து' என்றே பெயர் பூண்டது. பின்னர் 1986இல் நடுவண் அரசு இயற்றிய பாதுகாப்புச் சட்டமும் மராட்டியில் அச்சொல்லையே தாங்கி நிற்கின்றது. புணேயின் பழைய பேட்டைகளில் கடைக்காரர்கள் எழுதி மாட்டும் குத்தலான அறிவிப்புப் பலகைகள் நாடறிந்தவை. அவை கிராஹக்கைப் புகழ்வதில்லை. பகல் ஒரு மணிக்கு மேல் வராதே என்று முகத்துக்கு நேரே சொல்வன. அத்தகைய நகரிலேயே அவருடைய உரிமைக்கான இயக்கமும் தோன்றியது என்பது சுவையான முரண்.

தமிழில் நிலைமை வேறு. வங்கியில் 'வாடிக்கையாளர்', நீதிமன்றில் 'நுகர்வோர்', ஆயுள் காப்பீட்டில் 'பாலிசிதாரர்', இதழுக்குச் 'சந்தாதாரர்', வழக்குரைஞரிடம் 'கட்சிக்காரர்', சென்னைத் தெருவில் 'கிராக்கி' என ஒரே மனிதர் பல பெயர் பெறுகின்றார். இதனைச் சொல்வளம் என்று மட்டும் கொள்வது போதாது. ஒவ்வொரு பெயரும் அவரை எந்த உறவில் வைத்துக் காண்கின்றது என்பதே இங்கு வினா.

'வாடிக்கை' என்பதன் அடிப்படைப் பொருள் வழக்கம். கன்னடத்தில் 'வாடிகெ' வழக்கத்தையும், தெலுங்கில் 'வாடுக' பயன்பாட்டையும் குறிக்கின்றன. 1959இல் வெளிவந்த 'கல்யாண பரிசு' திரைப்படத்தில் பட்டுக்கோட்டையார் எழுதிய பாடலொன்றின் தொடக்கத்தில் வரும் இச்சொல்லுக்கு வாணிகத் தொடர்பே இல்லை. அன்றாடம் நிகழும் சந்திப்பையே அது குறிக்கின்றது. ஆங்கிலத்தில் 'கஸ்டம்' என்பதிலிருந்து 'கஸ்டமர்' தோன்றியதும் இதே நெறியில்தான். எனவே பொருள் விரிவில் பிழை காண்பதற்கில்லை. 'புதிய வாடிக்கையாளர்' என்னும் வங்கித் தொடரை முரண் எனக் கூறி நகைப்பதும் வேரைப் பிடித்துக்கொண்டு மரத்தை மறுப்பதாகும்.

கருதத்தக்கது வேறொன்று. பேச்சுவழக்கில் வாடிக்கை இருபாற்பட்டது. 'அவர் நமக்கு வாடிக்கை' என்று கடைக்காரர் சொல்வது போலவே, 'அது எங்கள் வாடிக்கைக் கடை' என்று வாங்குபவரும் சொல்கின்றார். வாடிக்கை பிடிப்பதும் உண்டு. வாடிக்கை விட்டுப்போவதும் உண்டு. பால், தயிர், காய்கறி எனப் பற்று எழுதிக் கொடுத்த நம்பிக்கையின் பெயர் அது. '-ஆளர்' என்னும் விகுதி சேர்ந்ததும் அவ்வுறவு ஒருவர் தலையில் மட்டும் ஏறிவிடுகின்றது. நிறுவனம் வாடிக்கையாளரை உடையது. நிறுவனத்துக்கு அத்தகைய பெயர் எதுவும் இல்லை. கைப்பேசியில் அழைக்கும்போது மறுமுனையில் இருப்பவர் தாயேயாயினும் 'வாடிக்கையாளர்' என்றே குரற்பதிவு அறிவிக்கின்றது. அழைப்பவருக்கு அவர் வாடிக்கையாளர் அல்லர். நிறுவனத்தின் கணக்கிலிருந்தே அவர் பெயரிடப்படுகின்றார்.

சட்டத்தமிழ் கைக்கொண்ட 'நுகர்வோர்' இச்சிக்கலைத் தீர்த்ததா எனில், இல்லை. நுகர்தல் என்பது முகர்தல், துய்த்தல், பயன் அனுபவித்தல் எனப் பொருள்படும். வினைப்பயனை நுகர்தல் என்பது சைவ சித்தாந்த வழக்கு. உண்ணும் பொருளுக்கும் எரிக்கும் எண்ணெய்க்கும் இச்சொல் பொருந்தும். அறுவை மருத்துவம் பெற்றவரை என்னென்பது? மருத்துவர் கட்டணம் பெற்று ஆற்றும் பணி அச்சட்டத்துள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1995இல் இந்திய மருத்துவச் சங்கம், வி. பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அன்று முதல் நோயாளியும் நுகர்வோர் ஆனார். வழக்குரைஞரின் தொழில் அவ்வாறு அடங்காது என 2024இல் அந்நீதிமன்றமே கூறியதால் கட்சிக்காரர் கட்சிக்காரராகவே நின்றுவிட்டார். சட்டப் பொருளைத் தாங்கும் வலிமை 'நுகர்' என்னும் வினைக்கு இல்லை; பழக்கத்தினால்தான் தாங்குகின்றது.

இலக்கண நோக்கிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'நுகர்வோர்' என்பது பலர்பால் வினையாலணையும் பெயர். ஒருமைக்கு அது வரும்போது 'ஒரு நுகர்வோர்' எனவும், பன்மை வேண்டுமிடத்து 'நுகர்வோர்கள்' என விகுதிமேல் விகுதியாகவும் எழுத நேர்கின்றது. மரியாதைப் பன்மை என அமைதி கூறலாம். ஆயினும் தனியொருவர் பெரிய நிறுவனத்தை எதிர்த்து நிற்க வகைசெய்த சட்டத்தில், அத்தனியொருவருக்கு இயல்பான ஒருமைப் பெயர் வாய்க்காமற் போனது சிறு குறையன்று.

'கிராக்கி'யின் வரலாறு இவற்றினும் வளமானது. 'பற்று, கொள்' எனப் பொருள்படும் வடமொழி வேரிலிருந்து 'கிராஹக்' வந்தது. கிரகித்தல், கிரகணம் என்பனவும் அவ்வேரினவே. மராட்டிப் பேச்சுவழக்கில் 'கிர்ஹாயீக்' என்பது ஆள். 'கிர்ஹாயிகீ' என்பது விற்பனைத் தேவை. கன்னட 'கிராகி' ஆளைச் சுட்டும். தெலுங்கு 'கிராக்கீ' தேவையைச் சுட்டும். தமிழ் இரண்டையும் ஏற்று, இரண்டையும் தரம் பிரித்து வைத்தது. 'தக்காளிக்குக் கிராக்கி' என்பதை நாளிதழ் தயங்காமல் அச்சிடும். 'கிராக்கி வந்திருக்கு' என்னும் ரிக்‌ஷாக்காரரின் கூற்றோ கொச்சை எனத் தள்ளப்படும். 'சாவு' என்னும் அடைபெற்று வசையானதும் ஆளைக் குறித்த பொருளே. மராட்டியிலும் ஒருவரைக் 'கிர்ஹாயீக்' ஆக்குவதென்றால் கேலிக்கு இலக்காக்குதல் என்று பொருள். விற்பவர் தம்முள் பேசிக்கொள்ளும்போது வாங்குபவர் எவ்வாறு தோன்றுகின்றார் என்பதை இவ்விரு வழக்குகளும் மறைப்பின்றிக் காட்டுகின்றன. அகராதியாளர் இதனைக் கொச்சை என ஒதுக்காமல் முழுமையாகப் பதிதல் வேண்டும்.

'கொள்' என்னும் தமிழ் வினை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வணிகரின் நேர்மையைக் கூறும் பட்டினப்பாலை கொள்ளுதலையும் கொடுத்தலையும் இணையாகவே வைக்கின்றது. கொள்முதல், கொள்விலை என்பன இன்றும் வழக்கில் உள்ளன. 'கிராஹக்' என்பதன் நேர்ப்பொருளும் கொள்பவர் என்பதே. ஆயினும் 'கொள்வோர்' இனி வங்கிப் படிவத்தில் ஏறும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 'கொள்ளை'யின் நிழல் அதன்மீது விழுவதும் ஒரு தடை. 'பயனாளி'யோ அரசு நலத்திட்டம் பெறுபவருக்கென ஒதுக்கப்பட்டு, விலை கொடாமல் பெறுபவர் என்னும் குறிப்பை ஏற்றுவிட்டது.

2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது மாவட்ட மன்றங்கள் ஆணையங்களாயின. 'நுகர்வோர்' மட்டும் மாறவில்லை. எனினும் அவ்வாணையத்தில் மனு அளித்த பின்னர் அவர் வாடிக்கையாளரோ நுகர்வோரோ அல்லர். ஆணை முழுவதும் அவரை 'முறையீட்டாளர்' என்றும், நிறுவனத்தை 'எதிர்தரப்பினர்' என்றும் குறிக்கின்றது. இரு தரப்பும் பெயர் பெறுவது அங்குதான்.