பக்கவாட்டில் ஆறு தோட்டா: செமி-ஆட்டோ ஷாட்கன் தாங்குமா?

செமி-ஆட்டோமேடிக் ஷாட்கன் வாங்கிய கையோடு அமெரிக்காவில் பலர் வாங்கும் அடுத்த பொருள் சைடு சேடில். ரிசீவரின் இடப்பக்கத்தில் நான்கு அல்லது ஆறு தோட்டாக்களைச் சொருகி வைக்கும் தாங்கி அது. மேகசின் குழாய் சீக்கிரம் காலியாகிவிடும், பையில் கைவிட்டுத் துழாவ நேரம் இருக்காது, தோட்டா துப்பாக்கியிலேயே இருந்தால் நல்லதுதானே என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் இதைப் பூட்டிய பிறகு துப்பாக்கி முன்போலவே ஓடுமா என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

டெக்சாஸ் சுடுதளம் ஒன்றில், திருகு வைத்துப் பூட்டும் அலுமினியத் தாங்கி, வெல்க்ரோவில் ஒட்டும் துணி அட்டை, அடிக்கட்டையில் மாட்டும் எலாஸ்டிக் உறை ஆகிய மூன்றையும் இரண்டு 12 போர் துப்பாக்கிகளில் மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று கேஸ் முறையில் இயங்குவது, மற்றது இனர்ஷியா முறை. முடிவைத் தீர்மானித்தது தாங்கி அல்ல, துப்பாக்கியின் வகைதான்.

இனர்ஷியா முறையை உலகறியச் செய்தது இத்தாலியின் பெனெல்லி நிறுவனம். சுட்டதும் துப்பாக்கி மொத்தமும் தோளை நோக்கிப் பின்னால் பாய்கிறது. உள்ளே இருக்கும் கனமான போல்ட் மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒரு தடித்த ஸ்பிரிங் அழுந்துகிறது; அது விரியும் வேகத்தில்தான் போல்ட் பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிறது. ஆக, துப்பாக்கி எவ்வளவு வேகமாக உதைக்கிறதோ அவ்வளவுதான் அதற்கு உயிர்.

இங்கேதான் எடை குறுக்கே வருகிறது. ஒரு பக்‌ஷாட் தோட்டா ஏறத்தாழ 45 முதல் 50 கிராம். ஆறும் தாங்கியும் சேர்ந்தால் 300 கிராம் சுலபமாக ஏறிவிடும். 3 கிலோ துப்பாக்கியில் இது பத்தில் ஒரு பங்கு. உதைப்பின் வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது கிட்டத்தட்ட 17 சதவீதம் இறங்கிவிடும். மேகசினுக்குள் இருக்கும் தோட்டாக்களும் எடைதானே என்று கேட்கலாம். அவை ஸ்பிரிங்கின் மேல் மிதப்பவை. துப்பாக்கி பின்னால் பாயும்போது கொஞ்சம் பின்தங்கிக்கொள்ளும். தாங்கியில் இறுக்கிச் சொருகியவை அப்படியல்ல, துப்பாக்கியின் உடம்போடு ஒட்டிய சுமை.

சுடுதளத்திலும் இதையே பார்த்தேன். பக்‌ஷாட், ஸ்லக் போன்ற பலமான தோட்டாக்கள் எந்தத் தாங்கியோடும் தடையில்லாமல் ஓடின. இனர்ஷியா துப்பாக்கியில் களிமண் தட்டு சுடுவதற்கான, 28 கிராம் குண்டு அடைத்த மலிவுத் தோட்டாக்களைப் போட்டபோது, தாங்கி நிறைந்திருந்த நிலையில் காலித் தோட்டா வாசலிலேயே மாட்டிக்கொண்டது. தாங்கியைக் காலி செய்ததும் அதே தோட்டாக்கள் ஒழுங்காக ஓடின. துப்பாக்கியைத் தோளில் தளர்வாக வைப்பதும் கம்பத்தில் முட்டுக்கொடுத்துச் சுடுவதும்கூட இந்த வகையில் வித்தியாசம் காட்டும். குறைந்த பலமுள்ள தோட்டாவையும் கூடுதல் சுமையையும் சேர்ந்தாற்போல் அதன் தலையில் கட்டக்கூடாது.

கேஸ் முறைக்கு இந்தக் கவலை இல்லை. குழலிலிருந்து திருப்பிவிடப்படும் வாயு அழுத்தமே பிஸ்டனைத் தள்ளுவதால், பக்கத்தில் எவ்வளவு தொங்கினாலும் அது கண்டுகொள்ளாது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 முதல் இன்றைய பெரெட்டா 1301 வரை இதே கதைதான். இனர்ஷியாவுக்குப் பேர்போன பெனெல்லியே, அமெரிக்க மரைன் படையினர் எம்1014 என்ற பெயரில் ஏற்ற எம்4 துப்பாக்கியில் கேஸ் பிஸ்டனைத்தான் வைத்தது. விளக்கு, பட்டை, தோட்டாத் தாங்கி என்று ஏதேதோ மாட்டப்படும் துப்பாக்கிக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து திருகு. அலுமினியத் தாங்கிகள் பெரும்பாலும் ட்ரிக்கர் தொகுதியைப் பிடித்திருக்கும் பின்களை எடுத்துவிட்டு, அந்தத் துளைகள் வழியாக நீளத் திருகு போட்டுப் பூட்டப்படுபவை. ஆசைக்கு முறுக்கினால் ரிசீவரின் இரு சுவர்களும் உள்நோக்கி நெரிபடும், போல்ட் உரசும். கேஸ் துப்பாக்கியில் நான் கண்ட ஒரே தடுமாற்றம் இதனால் வந்ததுதான். திருகைக் கால் சுற்று தளர்த்தியதும் சரியாகிவிட்டது. தயாரிப்பாளர் சொல்லும் இறுக்கத்தோடு நிறுத்திவிட்டு, கழன்றுவிடாமல் இருக்க நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுங்கள். துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்துவிட்டு, பூட்டுவதற்கு முன்பும் பின்பும் போல்ட்டைக் கையால் மெதுவாக இழுங்கள். துளி வித்தியாசம் தெரிந்தாலும் இறுக்கம் அதிகம்.

எலாஸ்டிக் உறை எனக்குப் பிடிக்கவில்லை. அது கன்னத்தில் இடிக்கிறது, நாளாக ஆகத் தளர்கிறது. வெல்க்ரோ அட்டை தானே இலகு, திருகும் கிடையாது, தோட்டா தீர்ந்தால் அட்டையையே மாற்றிவிடலாம். ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் பிய்ந்து வரும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

கேஸ் துப்பாக்கிக்கு அலுமினியத் தாங்கியைத் தாராளமாக வாங்கலாம். இனர்ஷியா வைத்திருப்பவர்கள் நான்கு தோட்டா வெல்க்ரோ அட்டையோடு நின்றுகொள்ளுங்கள். எதை மாட்டினாலும், தாங்கியை முழுவதும் நிரப்பி, உங்களிடம் உள்ளதிலேயே பலம் குறைந்த தோட்டாவைப் போட்டு ஒரு பெட்டியாவது சுட்டுப் பார்த்த பிறகே அந்தத் துப்பாக்கியை நம்புங்கள்.