முடியில் தொங்கும் இரை

தெற்கு பிரான்ஸின் சேன் கசியன் ஏரிக்கு 1980-களிலிருந்து ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் நண்பர்களோடு கிளம்பி வருகிறார்கள். குறி, கெண்டை. தின்பதற்கல்ல, எடை போட்டு, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு. மீன்குழம்பு ருசி கண்டவர்களுக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்!

இந்தப் பைத்தியம் பழையது. 1952-இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ கெண்டையைப் பிடித்தார். அது லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் பல ஆண்டுகள் வாழ்ந்தது.

ஆனால் ரசிக்க வேண்டியது முள்ளில் இரை கட்டும் விதத்தை. கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் இருக்கிறது. இரையை உறிஞ்சிப் பார்க்கும். சந்தேகம் வந்தால் துப்பிவிடும். லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரு ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் இதற்கொரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒற்றை முடியில் கட்டினார்கள். மீன் துப்பும்போது வெறும் முள் உதட்டில் ஏறிக்கொள்ளும். இப்போது முடிக்குப் பதில் பின்னல் நூல், தந்திரம் அதே.

பிரான்ஸில் இரவில் கெண்டை பிடிக்க அனுமதியுள்ள நீர்ப்பகுதிகள் தனியாக உண்டு. நண்பனின் அருமை அங்கேதான் தெரியும். மீன் இரையை இழுத்ததும், வாக்கர் உருவாக்கிய மின்மணியின் வாரிசு நள்ளிரவில் அலறும். ஒருவர் தூண்டிலைப் பிடிக்க, மற்றவர் வலையோடு தண்ணீரில் இறங்குவார். மீனின் வழுவழுப்புப் பூச்சு கெடாதிருக்க, கரையில் நனைத்த மெத்தை காத்திருக்கும்.

படத்தில் மீனோடு சிரிப்பவர் ஒருவர். தொடைவரை நனைந்தவர் கேமராவுக்குப் பின்னால்.