புறப்பொருளில் ஊன்றிய அகப்பொருள்

திருமறைக்கு அகப்பொருள் காண்பது குறித்து நம்மிடையே இரு துருவங்கள் உள. சொல்லின் நேர்ப்பொருளுக்கு அப்பால் ஏதுமில்லை என்பர் ஒரு சாரார். நேர்ப்பொருள் உமி, உட்பொருளே அரிசி, உமியை எறிந்துவிடலாம் என்பர் மறுசாரார். இரு சாராருக்கும் உரிய விடை, ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் உண்டு.

துவா எனும் தூய பள்ளத்தாக்கில் காலணிகளைக் கழற்றுமாறு நபி மூஸா (அலை) அவர்கள் பணிக்கப்பட்டதைத் தாஹா அத்தியாயம் (20:12) கூறுகிறது. அவ்விரு காலணிகளில் இம்மை, மறுமை எனும் ஈருலக நாட்டத்தைக் காண்கிறார் இமாம். ஆயினும், மூஸா நபி உள்ளத்தால் ஈருலகையும் துறந்தார்கள். காலால் செருப்பையும் கழற்றினார்கள் என்று இரண்டையும் சேர்த்தே உரைக்கிறார். இம்முறைக்கு அவர் வழங்கும் பெயர் ‘இஃதிபார்’. ‘அபர’ எனும் வினை கடத்தலைக் குறிக்கும். படிப்பினையைச் சுட்டும் ‘இப்ரத்’தும் அவ்வேரில் பிறந்ததே. இக்கரையில் கால் ஊன்றாதவன் எதைக் கடப்பான்?

நாய் உள்ள வீட்டில் வானவர் நுழையார் எனும் நபிமொழியையும் அவர் இவ்வாறே விளக்குகிறார். இல்லம் என்பது உள்ளம். நாய் என்பது சினம். ஆனால், சினத்தை விரட்டினால் போதும் என்று கூறி நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்பவனை அவர் ஏற்பதில்லை. புறத்தை உரித்தெறிபவன் பாத்தினீ. அகத்தை மறுப்பவன் ஹஷ்வீ. இரண்டையும் இணைப்பவனே நிறைவுற்றவன் என்பது அவர் தீர்ப்பு.

இத்தகைய விளக்கம் வழிகேட்டுக்கு வாயில் திறக்கும் எனும் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் கலீஃபா முஸ்தழ்ஹிரின் விருப்பத்திற்கிணங்கப் பாத்தினிய்யாக்களை மறுத்து நூல் யாத்தவரும் இதே இமாம்தான் என்பதை மறத்தலாகாது. வாயிலின் ஆபத்தை அறிந்தவரே அதற்கு நிலைப்படியும் அமைத்தார்.

நம் தமிழ் மரபிலும் இவ்விணைப்புக்குச் சான்றுண்டு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள், சிங்கனும் சிங்கியும் உரையாடும் குறவஞ்சி வடிவில் மெய்ஞ்ஞானம் பேசினார்கள். அவர்கள் நெசவு செய்து உண்டவர்கள் என்கிறது மரபு. ஆரணித் தறிகளை அன்றாடம் காணும் நமக்கு இது எளிதில் விளங்கும். பாவு தறியில் ஏறிய பிறகே ஊடை ஓடும். பாவின்றி ஊடை வெறும் நூல். ஊடையின்றிப் பாவு ஆடையாகாது.

அப்படியாயின், தோன்றியதையெல்லாம் உட்பொருள் என்னலாமா? இரு உரைகற்கள் போதும். அவ்வுட்பொருள் நேர்ப்பொருளின் கட்டளையைத் தளர்த்துகிறதா? ஓதுபவனிடம் எதையேனும் கைவிடக் கேட்கிறதா? முதலாவதற்கு ‘ஆம்’ என்றால் அது விலகல். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் வெறும் சொல்லாடல். பள்ளிவாசல் படியில் நாள்தோறும் ஐவேளை செருப்பைக் கழற்றுகிறோம். அதனுடன் எதைக் கழற்றி வைத்தோம் என்ற வினா எழுந்தால், திருமறை நம்மைப் புதுப்பிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.