இரு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தென்கோடியில் ஷானி தேசிய வனம் இருக்கிறது. ஒஹாயோ நதியிலிருந்து மிசிசிப்பி வரை ஏறக்குறைய 160 மைல் நீளும் பாதை அதன் வழியே போகிறது. வார இறுதிகளில் குதிரைகளோடு கூட்டமாக வருகிறார்கள். பகலில் மணற்பாறைகளுக்கு இடையே சவாரி, இரவில் கூடாரம். சவாரியைவிட எனக்குப் பிடித்தது சாயங்காலம் அவர்கள் கட்டும் கயிறு.

இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே, சுமார் 7 அடி உயரத்தில், கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். மரப்பட்டை அறுபடாதிருக்க முதலில் அகலமான நாடாவைச் சுற்றுவார்கள். கயிற்றில் இடைவெளி விட்டு வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை. தலைக்கயிற்றின் நீளத்தில்தான் மொத்த வித்தையும். கூடினால் கால் மாட்டிக்கொள்ளும், குறைந்தால் தரையிலிருக்கும் புல் வாய்க்கு எட்டாது. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்து உறங்கவோ படுத்தாக வேண்டும். அதற்கும் இடம் விட வேண்டும்.

மரத்திலேயே கட்டிப்போட்டால் குளம்பால் மண்ணைப் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும், பட்டையையும் கடிக்கும். நடுவில் நிறுத்தினால் மரம் பிழைக்கும். 1973-ல் மொன்டானாவில் தொடங்கிய பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் அமைப்பு, காட்டுக்குச் சேதமில்லாமல் தங்கும் இத்தகைய முறைகளைச் சொல்லிக்கொடுக்கிறது. கிளம்பும்போது சாணத்தைப் பரப்பிவிட்டு, குளம்பு தோண்டிய குழிகளையும் மூட வேண்டும்.

குதிரையோடு காட்டில் தங்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கயிற்றைக் கட்ட முதலில் பழகுங்கள்.