சுவருக்கு இருபுறமும் ஒரே பூசை: தமிழ்க் கிறித்தவத்தின் சாதி பற்றிய எழுத்துகள்

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்குள்ள திருக்குடும்பக் கோயில் 1872இல் எழுந்தது. பீடம் ஒன்றுதான். அந்தப் பீடத்திலிருந்து இரண்டு மண்டபங்கள் கோணமாக விரிந்து சென்றன. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். ஒரே பூசை, ஒரே குருவானவர், ஒரே நற்கருணை. ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த அமைப்பால் அதற்குக் கால்சட்டைக் கோயில் என்ற பெயரும் ஏற்பட்டது. 1910இல் கௌசானல் அடிகள் உள்ளே இருந்த தடுப்பை இடித்தார். வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது.

இந்தக் கதையைத் தமிழ் வாசகர்களுக்கு விரிவாகச் சொன்ன நூல் ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' (2001). திருச்சபையைத் தாக்கவோ காக்கவோ அவர் எழுதவில்லை. ஒரு ஊரின் சண்டையைப் பின்தொடர்ந்து போகிறார், அவ்வளவுதான். அந்த நூலைப் படிக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. சண்டை வந்திராவிட்டால் நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. கட்டடம் அமைதியாக நின்ற நாள்களில் யாரும் அதைப் பற்றி விளக்க வேண்டியிருக்கவில்லை. இடித்தபோதுதான் ஒவ்வொருவரும் தம் வழக்கம் என்ன, உரிமை என்ன, வேதம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் வைத்தார்கள். தமிழ்க் கிறித்தவத்தில் சாதி பற்றி இன்று நம்மிடம் இருக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான்: வழக்கு, புகார், வெளியேற்றம், மனக்கசப்பு. திருச்சபை தானாக முன்வந்து சொன்ன உண்மை குறைவு. சொன்னபோதும் அது பெரும்பாலும் அறிக்கையாகவே வந்தது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் பழகி உண்டது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று என்று அவரது வரலாறுகள் சொல்கின்றன. 2022 மே மாதம் ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது பெயரில் சாதிப் பின்னொட்டு இல்லை. அதற்கு முன்பே எதிர்ப்பு எழுந்து அது நீக்கப்பட்டிருந்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியொரு கோயில் கட்டப்பட்டது என்பதைப் புனிதர் பட்ட விழா மலர்களில் தேடினால் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

தொடக்கத்திற்குப் போகலாம். ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பரதவர்களிடையே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசிடமிருந்து விலகி, காவி உடுத்துத் தனியே குடியிருந்து, பிராமணச் சந்நியாசியின் ஒழுக்கத்தைக் கைக்கொண்டார். குடுமியும் பூணூலும் சந்தனமும் நாகரிக அடையாளங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்பது அவர் வாதம். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அதற்கு அனுமதி தந்தார். பிற்பாடு ஒடுக்கப்பட்ட சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் வகை உருவானது. நோபிலி பற்றிய நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். பண்பாட்டுத் தழுவலின் முன்னோடி என்று ஒரு சாரார், சாதியைக் கோயிலுக்குள் கூட்டிவந்தவர் என்று மறுசாரார். இனெஸ் ஜூபனோவின் நூல் (1999) இந்தச் சண்டையை நோபிலிக்கும் பெர்னாண்டசுக்கும் இடையில் நடந்ததாகவே காட்டி, இருவர் கடிதங்களையும் எதிரெதிரே வைக்கிறது. என் கணக்கில் நோபிலி மட்டும் குற்றவாளி அல்ல. சாதி நாகரிகம் சார்ந்தது, சமயம் சார்ந்ததன்று என்ற அவரது பாகுபாடு அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு எல்லாச் சபைகளுக்கும் வசதியான புகலிடமாக இருந்ததுதான் முக்கியம்.

சீர்திருத்தச் சபையார் அதிலிருந்து தப்பவில்லை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் தஞ்சைப் பகுதியில் இராஜநாயக்கன் என்ற உபதேசியார் பணியாற்றினார். போர்வீரராக இருந்தவர், பறையர். பிரசங்கத்திலும் துணிவிலும் அவருக்கு நிகர் குறைவு என்று மிஷனரிகளே எழுதினார்கள். ஆனால் 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் என்ற வேளாளர் அபிஷேகம் பெற்றார். அடுத்த வாய்ப்பிலும் இராஜநாயக்கன் தேர்வாகவில்லை. அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். இதை டென்னிஸ் ஹட்சன் (2000) தம் நூலில் எடுத்துக்காட்டினார். ஜெர்மனியில் ஹாலேவுக்குப் போன கடிதங்களில் மிஷனரிகள் தங்கள் தயக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அது கடிதத்தில் இருந்த நேர்மை. பீடத்தில் யார் நிற்பது என்ற முடிவில் அது இல்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் அதே நிலையை எடுத்தது. அன்பின் விருந்து என்ற பெயரில் ஒரே பந்தியில் உண்ணச் செய்து பார்க்கும் சோதனைகள் நடந்தன. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் மட்டும் இதை எதிர்த்தார். குறளை ஜெர்மனிக்குக் கொண்டுபோன அதே கிரவுல்தான். சட்டத்தால் அடித்து மாற்றுவதைவிட நற்செய்தி மெல்ல உள்ளிருந்து மாற்றட்டும் என்றார். டங்கன் பாரெஸ்டர் (1980) இந்த விவாதத்தை நன்றாகத் தொகுத்திருக்கிறார். படித்தால் யார் பக்கம் நிற்பது என்று எளிதில் தெரியாது.

காரணம், மறுபக்கத்தில் நின்றவர்களுள் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இருக்கிறார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர், தமிழ்க் கிறித்தவம் இன்றும் பாடும் பாடல்களின் ஆசிரியர். 1829இல் அவரும் தஞ்சை வேளாளக் கிறித்தவர்களும் புதிய மிஷனரிகள்மேல் நான்கு கொடுமைகளைப் புகாராக அடுக்கினார்கள்: வேதத்தின் தமிழைத் திருத்துவது, சாதிகளைக் கட்டாயமாகக் கலப்பது, கலியாணத்தில் பூக்களைத் தடுப்பது, கோயிலில் தமிழ் இசையை ஒழிப்பது. இந்த நான்கில் மூன்றைப் படித்தால் எவரும் சாஸ்திரியார் பக்கம்தான் நிற்பார்கள். துரைமார் வந்து எங்கள் பூவையும் பாட்டையும் எடுக்கிறார்கள் என்ற கோபம் நியாயமானது. அந்த நியாயத்தின் நிழலில் சாதிக் கலப்பு பற்றிய புகாரும் ஒதுங்கி நிற்கிறது. தமிழைக் காக்கும் குரலும் சாதியைக் காக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்ததைச் சொல்லத் தமிழ் இலக்கிய வரலாறுகள் கூசுகின்றன. சாஸ்திரியார் பெரிய கவிஞர், அதில் ஐயமில்லை. அதனால்தான் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்சன் பக்கமும் தூய்மையானதன்று. கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி 1849இல் எழுதிய நூலில் இருந்த இழிவு நாடார்களைப் புண்படுத்தியது. 1857இல் நாடார் கிறித்தவரான சட்டம்பிள்ளை மிஷனை உதறி, வெள்ளையர் இல்லாத தனிச் சபையைத் தொடங்கினார். சாதியை ஒழிக்க வந்தவர்களுக்கு நிற இறுமாப்பு இருந்தது. அதைச் சுட்டியவர்களுக்குத் தம் சாதிப் பெருமை இருந்தது. ஒவ்வொரு தரப்பும் எதிரே நிற்பவரைப் பற்றிய உண்மையை மட்டும் துல்லியமாகச் சொன்னது.

சேரியிலிருந்து வந்தவர்களின் கதை இந்த நூல்களில் வெகுநாள் ஓரத்தில் கிடந்தது. ரூபா விஸ்வநாத் (2014) அதை நடுவுக்கு இழுத்தார். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் 1891 அறிக்கை, அதன் தொடர்ச்சியாக வந்த பஞ்சமி நிலம், அதற்காக அரசை நெருக்கிய மிஷனரிகள் ஆகியவை அதில் வருகின்றன. கூலிக்கும் குடியிருப்பு மனைக்குமாக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு அன்றே இருந்தது. அடிமைப்பட்டவன் மனை கேட்டால் அது ஆன்மிகம் ஆகாது என்ற எண்ணம் ஏசியவர்களிடம் மட்டுமின்றி மிஷனரிகளிடமும் இருந்ததை அவர் காட்டுகிறார். டேவிட் மோஸ் (2012) எடுத்துக்கொண்டது 1980களில் தாம் வாழ்ந்த, இராமநாதபுரம் பக்கத்து ஊர் ஒன்றை. சந்தியாகப்பர் திருவிழாவில் யாருக்கு எந்த மரியாதை என்ற தகராறுகளின் வழியே, கோயில் சாதியை வளர்த்த இடமாகவும் அதை எதிர்க்கக் கற்ற இடமாகவும் ஒருசேர இருந்தது என்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் மறுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிச் சட்டம். 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 1985இல் சென்னையில் செருப்புத் தைக்கும் ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர் தொடுத்த சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது இதுதான்: மதம் மாறிய பிறகும் அதே ஆழத்தில் இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? வழக்குத் தள்ளுபடியானது. கோயிலுக்குள் சாதி இல்லை என்று பங்குகளில் சாதித்த மௌனம், டெல்லியில் தம் மக்களின் உரிமைக்கு எதிரான சாட்சியாக மாறியது. ஏழாண்டுகளுக்குப் பின் சேசு சபையைச் சேர்ந்த அந்தோணிராஜ் தமிழகத் தலித் கிறித்தவர் பற்றிய கள ஆய்வை வெளியிட்டார். தனி இருக்கை, தனிக் கல்லறை, பீடப் பணியில் விலக்கு என எல்லாம் பட்டியலாக வந்தன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சாதகமாகப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது.

இதற்கிடையே வாழ்கிறவர் நிலை என்ன? சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில். இவர்களை இரட்டை வேடம் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிக்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் படிப்பும் வேலையும் தொங்குவது மேடைக்குத் தெரியாததல்ல. விசுவாச வீரம் பற்றிய போதனையை, இழக்க ஒன்றுமில்லாதவர்கள் இழக்க வேண்டியவர்களுக்குச் செய்வது பழைய வழக்கம்.

இலக்கியம் ஆய்வை முந்திக்கொண்டது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கு ஏழைகளின் பெயரால் நடக்கும் வசதியான வாழ்க்கையையும் சாதியையும் கண்டு வெளியேறிய பெண்ணின் தன்வரலாறு. அவர் கடவுளைக் கைவிடவில்லை. மடத்தைத்தான் விட்டார். ஆய்வு நூல்களில் ஒழுங்காக வரும் செய்திகள் இங்கு ஒரு ஊரின் பேச்சுமொழியில், பசியோடும் சிரிப்போடும் வருகின்றன. சேசு சபைக் குரு மாற்கு 'யாத்திரை'யில் (1993) சபைக்கு உள்ளே நின்றபடியே இதைக் கதையாக்கினார். அடுத்த ஆண்டு வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' மேலும் கூர்மையானது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் கத்தோலிக்க வண்ணாத்தி ஆரோக்கியம். அவளைக் கீழே வைப்பவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. இதற்காக இமையம் வாங்கிய வசை கொஞ்சமல்ல. பாமாவும் 'வன்மம்' (2002) நாவலில் இரு தலித் சாதிகளுக்கிடையிலான பகையை எழுதினார். பிறர் பாவத்தைச் சொல்வதோடு நிற்காமல் தம் தெருவுக்கும் அதே கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இறையியலில் அரவிந்த் நிர்மல் 1980களில் தொடங்கிய தலித் இறையியல் சென்னை குருகுலத்தில் துறையாகவே வளர்ந்தது. அந்த எழுத்துகளில் ஒரு பகுதி கலைச்சொல்லில் மூழ்கிச் சேரிக்கே எட்டாமல் போனது. விதிவிலக்கு மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் பறட்டை எனப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து, நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தார். எல்லாரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் பொங்கி உண்பதை நற்கருணையோடு இணைத்தார். யார் சமைத்தார் என்ற கேள்வியில் தொடங்கும் சாதிக்கு அவர் கொடுத்த விடை அந்த ஒரு உலை.

ஆயர்களும் சும்மா இருக்கவில்லை. 1990இல் தமிழக ஆயர் பேரவையின் பத்து அம்சத் திட்டம், 2003இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் பேசிய கண்டிப்பான உரை, 2016இல் இந்திய ஆயர் பேரவையின் கொள்கை ஆவணம் என வரிசை உண்டு. இவற்றுக்கு நடுவேதான் 2008 மார்ச்சில் எறையூர் என்ற ஊரில் மோதல் நடந்தது. சவ ஊர்வலத்துக்குத் தனி வழி, தனிக் கல்லறை என்றிருந்த ஊரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஒரே பங்கில் ஒற்றுமை என்ற இலட்சியத்தை இங்கே யார் உடைத்தது? தனிப் பங்கு கேட்டவர்கள் என்று பதில் சொல்வது எளிது. வடக்கன்குளத்தில் பிரித்துவைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் மேலே இருந்தவர்கள், எறையூரில் பிரிந்துபோக விடுங்கள் என்று கேட்டவர்கள் கீழே இருந்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

கல்லறை, தேர், இருக்கை பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. கலியாணம் பற்றித்தான் எழுத்து மெலிந்து கிடக்கிறது. சபை வேறாக இருந்தாலும் சாதி ஒன்றானால் பெண் கொடுக்கிறார்கள். சாதி வேறானால் ஒரே சபை என்பது உதவுவதில்லை. ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், சாட்சிகள் எல்லாம் அதில் உண்டு. அதை வைத்து எழுதப்படும் நூல் இந்தத் துறையில் இன்னும் வர வேண்டியிருக்கிறது. எழுதப் போகிறவருக்கு அலமாரிச் சாவியை எத்தனை பங்குத்தந்தையர் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.