மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

மணநாள் குறிக்க மறுக்கிறாள் ஒரு மங்கை. மணமகன் கெட்டவனல்லன், கற்றவன், கண்ணியமானவன், கைப்பொருள் உடையவன். உற்றார் வியக்கின்றனர், ஊரார் பழிக்கின்றனர். "இவனைவிட எவன் வேண்டுமாம் இவளுக்கு?" என்கின்றனர். அவளோ, "இவன் நல்லவன்தான், ஆனால் இவனோடு வாழும் வாழ்வு எனக்கு ஏற்றதுதானா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். கேள்வி கேட்டவள் அவள். குற்றக் கூண்டில் ஏற்றப்படுபவளும் அவளே!

ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப், 1864 சனவரி முதல் 1865 ஆகஸ்டு வரை மாதப் பகுதிகளாக வெளியிட்ட புதினத்தின் தலைவி ஆலிஸ்தான் அந்த மங்கை. புதினத்தின் பெயரே ஒரு வினா: 'அவளை நீங்கள் மன்னிக்க முடியுமா?' மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டுமன்றோ? முதற்பக்கத்தைப் புரட்டுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தண்டனையைக் குறைக்கத்தான் வாசகரை அழைக்கிறார் ஆசிரியர். 1865இல் இதற்கு மதிப்புரை தீட்டிய ஹென்றி ஜேம்ஸ், மன்னிப்பதென்ன, அவளை மறந்தேவிடலாம் என்ற பொருள்பட ஏளனம் செய்தார். மறக்கலாமா? மறக்கலாகாது என்பதே நம் வழக்கு.

ஆலிஸ் எதற்கு அஞ்சினாள்? சிற்றூரில் நூல்களோடும் பூந்தோட்டத்தோடும் அமைதியாக வாழ விரும்புபவர் ஜான் கிரே. அவளுக்கோ நாட்டு நடப்பிலே நாட்டம். அரசியல் அரங்கிலே பெண்ணுக்கு இடமில்லாத காலம் அது. வாக்குரிமைகூட 1918இல்தான், அதுவும் முப்பது வயது நிரம்பிய ஒரு சாரார்க்கே கிடைத்தது. வாழ்நாளை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். கிரே அதற்கு விடை கூறவில்லை. அவளுக்கு ஏதோ நோய், நாளடைவில் தீர்ந்துவிடும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். வாதத்தை நோயாக்கிவிட்டால், மறுமொழி தேவையில்லை, மருந்து போதும் அல்லவா!

அவள் ஐயத்தின் ஆழத்தை அளக்க, அந்நாளைய சட்டத்தைப் பாருங்கள். மணமான மறுகணமே அவள் ரொக்கம் கணவனுடையது. நிலத்தின் வருவாயும் அவன் ஆட்சியில். செல்வர் வீட்டார் மட்டும் தனிப் பத்திரம் எழுதித் தப்பினர். மனைவி தன் சொத்தைத் தானே ஆளும் முழு உரிமை வந்தது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டமோ, மனைவி நெறி தவறினாலே கணவனுக்கு விடுதலை தந்தது. கணவன் நெறி தவறினால் மட்டும் போதாது, கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றமும் உடன் இருந்தாக வேண்டும் என்றது. அந்த ஓரவஞ்சனை ஒழிய 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. நுழைவாயில் அகலம், வெளிவாயில் இல்லவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டின் வாசற்படியில் ஒருத்தி நின்று யோசித்தால் அது சபலமா, அறிவா?

ஆசிரியரே சாட்சிகளை அடுக்கித் தருகிறார். பெருஞ்செல்வத்தின் வாரிசு கிளென்கோரா, பர்கோ என்பவனைக் காதலித்தாள். உறவினர் கூடி, அரசியல்வாதி பாலிசருக்கு மணமுடித்தனர். அவள் தயங்க அவகாசமே தரப்படவில்லை. விளைவு? மணமான பின் ஓடிப்போகும் விளிம்புவரை சென்று நடுங்குகிறாள். மணத்துக்கு முன் எழும் ஐயத்தை அடக்கினால், மணத்துக்குப் பின் அது புயலாக எழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நிதியமைச்சர் பதவியையே உதறி, மனைவியோடு வெளிநாடு செல்லும் பாலிசரை நாம் பாராட்டுகிறோம். ஆனால் முன்பே அவளைக் கேட்டிருந்தால் அந்தத் தியாகமே தேவைப்பட்டிராது!

மூன்றாமவள் கிரீனோ அம்மையார், பணம் படைத்த கைம்பெண். நிலபுலமுள்ள சீசேக்கரைத் தள்ளி, காசில்லாத பெல்பீல்டைச் சிரித்துக்கொண்டே தேர்ந்தெடுக்கிறாள். பணமுடிச்சை மட்டும் கைவிடவில்லை. மூவருள் மனவேதனையின்றி மணம் புரிபவள் இவள் ஒருத்தியே. துணிவின் வேர் எங்கே இருக்கிறது என்பதை நகைச்சுவைப் பகுதியே நமக்கு உணர்த்திவிடுகிறது.

ஆலிஸ் தவறே செய்யவில்லையா? செய்தாள். கிரேயை விலக்கியவள், முன்பு தன்னை ஏமாற்றிய ஜார்ஜுக்கே மீண்டும் வாக்களித்தாள். அவனோ அவள் பணத்தைத் தேர்தலுக்குக் கேட்டான். தங்கையின் கையை முறித்தான். கிரேயைச் சுடவும் துணிந்தான். அது பிழை; ஆனால் ஐயுற்றதால் நேர்ந்த பிழையன்று, மேலும் ஐயுறாததால் நேர்ந்த பிழை! இதற்கிடையே, ஜார்ஜுக்குச் சென்ற பணத்தைக் கிரேயே, அவள் தந்தையின் துணையோடு, அவளறியாமல் கொடுத்தார். அன்புதான், ஆயினும், அவள் பொருளைப் பற்றிய முடிவை அவளிடம் மறைத்து எடுக்கும் அன்பு!

முடிவில் கிரே நாடாளுமன்றம் செல்ல இசைகிறார். ஆலிஸ் அவரை மணக்கிறாள். அவள் நெடுங்காலம் வேண்டியதை, பாலிசர் அழைத்ததும் அவர் ஏற்கிறார். அவள் சொன்னபோது அது நோய். ஆடவர் சொன்னதும் அறிவுரை!

டிரோலப் நேர்மையான எழுத்தாளர். தம் தலைப்புக்கு எதிரான சான்றுகளையும் மறைக்காமல் எழுதினார். அதற்காக அவரை மன்னிப்போம். ஆலிஸ் நம் மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை. நாளை நம் இல்லத்து மகளொருத்தி, அழைப்பிதழ் அச்சாகும் வேளையில், "சற்றுப் பொறுங்கள், யோசிக்க வேண்டும்" என்றால் நாம் என்ன செய்வோம்? மன்னிக்க முற்படுவோமா, செவிசாய்ப்போமா? அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.