பொட்டு டப்பா

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீடுகளில் எதைக் கையில் எடுத்தாலும் 'அரண்மனைச் சாமான்' என்பார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மாமி வீட்டில் அந்தப் பட்டம் ஒரு சின்ன டப்பாவுக்கு. முட்டை வடிவம், இரண்டு அங்குல நீளம். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு மரம். திறந்தால் மூடிக்குள் மங்கிய கண்ணாடி. மாமி அதில் ஐம்பது வருஷமாகக் குங்குமம் வைத்திருக்கிறாள்.

போன மாதம் மாமியின் பிள்ளை அதை விற்க ஆள் பார்த்தான். வந்த வியாபாரி பார்த்தவுடன் 'பேட்டர்ஸீ' என்றாராம். "நீதான் இதெல்லாம் எழுதறவனாச்சே, வந்து பாரு" என்று மாமி கூப்பிட்டாள்.

பார்த்தேன். முதலில் அந்தப் பெயர். லண்டன் பேட்டர்ஸீயில் எனாமல் பட்டறை நடந்தது 1753 முதல் 1756 வரை, மூன்றே வருஷம். உலகத்தில் 'பேட்டர்ஸீ' என்று விற்பதெல்லாம் அங்கே செய்தது என்றால் அவர்கள் தூங்கியே இருக்க முடியாது. பெரும்பாலானவை ஸ்டாஃபோர்ட்ஷயரில் பில்ஸ்டன் போன்ற ஊர்களில் செய்தவை. 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் சாம்சன் கம்பெனி செய்த நகல்களும் உண்டு.

அடுத்து, 'கையால் வரைந்தது' என்ற பெருமை. இதில் பாதிதான் உண்மை. செப்புத் தகட்டின் மேல் வெள்ளை எனாமல் பூசிச் சுடுவார்கள். செதுக்கின தட்டிலிருந்து படத்தைக் காகிதத்தில் எடுத்து, அதை எனாமல் மேல் ஒற்றி மறுபடி சுடுவார்கள். கோடு அச்சு, அதற்குள் நிரப்புகிற வர்ணம்தான் கை. எல்லா டப்பாவும் இப்படி இல்லை. மாமியின் டப்பா இப்படித்தான். பாவாடையின் ரோஜா நிறம் கோட்டைத் தாண்டி ஆட்டுக்குட்டியின் காதில் வழிந்திருக்கிறது. மரம் ஏதோ காலிஃபிளவர் மாதிரி. ஓவியம் என்று மார்க் போட்டால் நூற்றுக்கு நாற்பது.

ஆனால் அந்த வழிந்த காதுதான் எனக்குப் பிடித்தது. அங்கே ஒரு மனிதர் அவசரப்பட்டிருக்கிறார்.

இதே வேலையை நம் ஊர்க்காரர்களும் செய்தார்கள். 19-ம் நூற்றாண்டில் திருச்சியில் காக்காய்ப்பொன், அதாவது மைக்கா தகடுகளில் படம் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சில செட்டுகளில் அட்டையில் ஒரே ஒரு முகம். மைக்கா தகட்டில் முகம் இல்லாத உடைகள். மேலே வைக்க வைக்க அதே ஆள் சிப்பாய் ஆவார், சேவகர் ஆவார். தஞ்சாவூர் ஓவியர்கள் ஒவ்வொரு தொழில்காரரையும் மனைவியோடு நிற்கவைத்து ஆல்பம் ஆல்பமாக எழுதினார்கள். பில்ஸ்டன்காரர் மாதிரியே இவர்களும் பெரும்பாலும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் சாமான் இங்கே பரணில். நம்மவர்கள் படம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில். எங்கோ கணக்கு உதைக்கிறது.

அரண்மனைக் கதை? சரபோஜி (ஆட்சி: 1798-1832) ஐரோப்பியப் புத்தகங்களை வாங்கிக் குவித்தவர், ஷ்வார்ட்ஸ் பாதிரியாருக்கு லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்யச் சொன்னவர். 1855-ல் வாரிசு இல்லையென்று கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே டப்பா அங்கிருந்து வந்திருக்கலாம். ஏதோ துரைசானி வீட்டு ஏலத்திலும் வந்திருக்கலாம். அத்தாட்சி இல்லாமல் ராஜாவைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

மாமி பிள்ளை கேட்டான், "உள்ளே சிவப்புக் கறையாயிருக்கே. அலம்பிட்டா நல்ல விலை போகுமா?"

அப்போதுதான் அந்த டப்பாவின் உத்தியோகத்தைச் சொன்னேன். 18-ம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் அம்மைத் தழும்பை மறைக்கவும், அழகுக்கும், கறுப்புப் பட்டுத்துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி முகத்தில் ஒட்டிக்கொள்வார்கள். அதை வைக்கத்தான் டப்பா. ஒட்டிக்கொள்ளத்தான் மூடியில் கண்ணாடி. கிட்டத்தட்ட ஸ்டிக்கர் பொட்டு!

மாமி சிரித்துவிட்டாள். "அப்போ நான் சரியாத்தான் வெச்சிருக்கேன்."

நூற்றுக்கு நூறு சரி. இந்த மாதிரி டப்பாக்கள் அங்கே கண்ணாடி அலமாரியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. இது ஒன்று இன்னும் டியூட்டியில் இருக்கிறது. அந்தக் கறையை அலம்பினால் மிஞ்சுவது நாற்பது மார்க் ஓவியம்தான்.

விற்பதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். கிளம்பும்போது மாமி அந்த டப்பாவைத்தான் நீட்டினாள். "குங்குமம் இட்டுண்டு போ."